எட்டாம் இடத்து அமினோ அமிலம்: ஊர்வனவற்றின் முட்டையும் ஹார்மோனும்

ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் இரவு நேரத்தில் கரையேறும் பங்குனி ஆமை, பின்துடுப்புகளால் மணலைத் தோண்டி, நூறு முட்டைக்குமேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. முட்டை விழத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் ஆள் நின்றாலும் அது அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. அந்த நேரத்தில் அதன் ரத்தத்தில் என்ன நடக்கிறது என்பதை 1989-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கரையேறும்போது வாசோடோசின் என்ற ஹார்மோன் கூடத் தொடங்குகிறது. முட்டையிடும்போது உச்சத்தைத் தொடுகிறது. வேலை முடிந்ததும் இறங்கிவிடுகிறது. பெருந்தலை ஆமையிலும் இதே கதைதான்.

ஒன்பது பூ தொடுத்த சரம்போல ஒன்பது அமினோ அமிலங்கள் சேர்ந்தது வாசோடோசின். முதலாவதும் ஆறாவதும் சிஸ்டீன்கள். அவற்றின் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைவதால் முன்பகுதி வளையமாகிறது. மீதி மூன்றும் வாலாக நிற்கின்றன. பிரசவ வார்டில் இடுப்புவலி எடுக்காத பெண்ணுக்கு ஏற்றப்படும் ஆக்சிடோசினும் இதே அமைப்புதான். எட்டாம் இடத்தில் மட்டும் ஆமைக்கு ஆர்ஜினின், மனிதத் தாய்க்கு லியூசின். ஆர்ஜினின் நேர்மின்சுமை கொண்டது, தண்ணீரோடு சேரும். லியூசின் தண்ணீரை விலக்கும். சிறுநீரகத்தில் நீரைக் காக்கும் நம் வாசோபிரெசினோ வாசோடோசினிலிருந்து மூன்றாம் இடத்தில் விலகுகிறது: அங்கே ஐசோலியூசினுக்குப் பதில் பினைல்அலனைன்.

பாலூட்டிகளில் இரண்டு ஹார்மோன்கள் பங்கிட்டுக்கொண்ட வேலையை ஊர்வனவற்றில் வாசோடோசின் ஒன்றே பார்க்கிறது. முட்டைக்குழாயைச் சுருக்குவதும் அதுதான், உடலின் நீரைக் காப்பதும் அதுதான். ஊர்வனவற்றுக்கு மீசோடோசின் என்று இன்னொன்றும் உண்டு. ஆக்சிடோசினுக்கு மரபுவழியில் நேர் உறவு அந்த மீசோடோசின்தான். ஆனாலும் முட்டையிடும் நேரத்தில் முன்னே நிற்பது வாசோடோசின்.

வாசோடோசின் கண்டறியப்பட்ட வரிசை வேடிக்கையானது. நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வின்சென்ட் டு விக்னோ 1953-இல் ஆக்சிடோசினைச் செயற்கையாகத் தயாரித்தார். 1955-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஆக்சிடோசினின் வளையத்தில் வாசோபிரெசினின் வாலை ஒட்டினால் என்ன ஆகும்? அவரும் சக ஆய்வாளர் கட்சோயானிஸும் ஒட்டியே பார்த்து 1958-இல் வெளியிட்டார்கள். அதை அவர்கள் செயற்கைப் பொருளாகத்தான் கருதினார்கள். கோழியும் தவளையும் அதைக் காலகாலமாகச் சுரந்துவருவது விரைவிலேயே தெரியவந்தது.

முட்டை வெளியேறும் கட்டத்துக்கு முன்பே, முட்டை உருவாகும் கட்டத்திலும் எட்டாம் இடம் வருகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரியைத் தூண்ட அனுப்பும் ஹார்மோனில் பத்து அமினோ அமிலங்கள். அதன் கட்டமைப்பு 1971-இல் தெரிந்தது. இத்தகைய மூளை ஹார்மோன்களை ஆராய்ந்த ஷாலியும் கியூமேனும் 1977-இல் நோபல் பரிசில் பங்குபெற்றார்கள். பாலூட்டிகளில் அந்த ஹார்மோனின் எட்டாம் இடத்தில் ஆர்ஜினின். அமெரிக்க அலிகேட்டரில் குளூட்டமின், கோழியில் இருப்பதுபோலவே. இன்று வாழும் விலங்குகளில் முதலை இனத்துக்கு நெருங்கிய உறவு பறவைகள் என்பதால் இதில் வியப்பில்லை. இரண்டு ஹார்மோன்களிலும் எட்டாம் இடமே மாறுவது தற்செயல்தான். நினைவில் வைத்துக்கொள்ள வசதி.

முட்டை உருவாவதில் பங்குள்ள ஈஸ்ட்ரோஜன் இந்த அமினோ அமிலக் கூட்டத்தில் சேராது. அது கொலஸ்டிராலிலிருந்து உருவாவது. ஆனால் அதன் தூண்டுதலால் கல்லீரல் செய்யும் மஞ்சள்கருப் புரதத்தின் ஒரு பகுதியில் ஏறக்குறைய பாதி செரீன். அந்தச் செரீன்களில் ஒட்டும் பாஸ்பேட், குஞ்சுக்கான கால்சியத்தைப் பிடித்துவைக்கிறது.

முட்டை சிக்கிய ஆமைக்குக் கால்நடை மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கால்சியம் கொடுத்து, மனிதர்களுக்கான அதே ஆக்சிடோசின் ஊசியைப் போடுகிறார்கள். எட்டாம் இடம் வேறாக இருந்தும் பெரும்பாலும் பலன் கிடைக்கிறது. நியூசிலாந்தின் டுவட்டாராவுக்கும் இந்த ஊசி போட்டே முட்டைகளைச் சேகரித்துக் காப்பகங்களில் பொரிக்கவைத்திருக்கிறார்கள்.

பல்லிகளிடம் இந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. அமெரிக்க அனோல் பல்லிகளில் செய்த ஆய்வுகள் ஒரு காரணம் காட்டின: முட்டைக்குழாயில் வந்து முடியும் நரம்புகள், அட்ரினலின் வகைச் சமிக்ஞையால் தசையைத் தளர்த்தியே வைத்திருக்கின்றன. மனிதர்கள் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் ப்ரோப்ரனோலால் அந்தத் தடையை விலக்குகிறது. அதன் பிறகு வாசோடோசினுக்கு முட்டைக்குழாய் நன்றாகச் சுருங்குகிறது.