கைத்தொழில் காத்த கலை



தில்லையில் கைவினையைப் பற்றிப் பேச நெடிய முன்னுரை வேண்டுவதில்லை. கோபுர வாயில்களில் 108 கரணங்களைக் கல்லில் காட்டியவர்கள் பட்டறையில் பயின்ற கையினர். கொள்ளிடம் கடந்து, கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைக்குச் சென்றால், ஆடவல்லான் திருமேனி முதலில் மெழுகில் உருப்பெறுவதை இன்றும் காணலாம். மெழுகுருவின்மேல் வண்டல் மண் பூசிச் சுடுவர். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பர். மெழுகு மறையும், திருமேனி நிற்கும்.

மெழுகையே முதலாகக் கொண்டு ஓவியர் சிலர் ஓர் ஊரையே எழுப்பிய வரலாறும் தமிழகத்தில் உண்டு. 1850இல் தோன்றிய சென்னைக் கலைப்பள்ளிக்கு 1957 முதல் 1967 வரை முதல்வராக விளங்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். அந்நாளில் ஓவியம் பயின்று வெளிவந்த இளைஞர்க்குப் படம் வாங்குவோர் அரியர். பிழைப்பைத் தேடிப் போனவர் தூரிகையை மறந்தனர். இந்நிலைக்குப் பணிக்கர் கண்ட மாற்று, கைத்தொழில். ஓவியர்கள் ஒன்றுகூடிக் கைவினைச் சங்கம் அமைத்தனர். பாத்திக் துணிகளைச் செய்து விற்றனர்.

துணியில் மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்ப்பது பாத்திக். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை நீக்கினால் கோலம் வெளிப்படும். மெழுகில் விழும் விரிசல்களில் சாயம் கசிந்து மெல்லிய நரம்புகளாய் ஓடும். ஒரு துணியைப் போல் மற்றொன்று அமையாது. இவ்வாறு ஈட்டிய பொருளைக் கொண்டு, 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் நிலம் வாங்கினர். அதுவே சோழமண்டலம் ஓவியர் கிராமம். அரசு மானியமும் புரவலர் கொடையும் அன்று. உழைத்த கைகளே அதற்கு அடித்தளம்.

சந்தைக்குச் செய்யும் கை கலையை மழுங்கச் செய்யாதோ எனும் ஐயம் எழும். அது பொய்யான ஐயம் அன்று. விலைபோன கோலத்தையே மீண்டும் மீண்டும் வரையும் சோம்பல் எந்தப் பட்டறைக்கும் நேரும். ஆயினும் பணிக்கர் எழுத்துகளையும் எண்களையும் சாதகக் கட்டங்களையும் கொண்டு ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைப் படைத்தது இதே 1960களில்தான். கைத்தொழில் அவர்களுக்கு ஓவியம் தீட்டும் பொழுதை வாங்கித் தந்தது. அப்பொழுதைத் தானே விழுங்கவில்லை. பின்னாளில் ஓவியங்கள் விலைபெற்றபோது பாத்திக் பின்னுக்குச் சென்றது. மெழுகு தன் பணி முடித்து விலகிற்று, ஊர் நிற்கிறது. 1977இல் பணிக்கர் மறைந்த பின்னும் நிற்கிறது.

ஊர்தோறும் கைவினைப் பயிலரங்கு நடத்த விழைவோர்க்கு இதில் பாடம் உண்டு. களிமண்ணும் பனையோலையும் கோரையும் தில்லைச் சுற்றுப்புறத்திற்குப் புதியன அல்ல. குயவரையும் பாய் முடைவோரையும் காட்சிப் பொருளாக நிறுத்தாமல், ஆசிரியராக அழைத்து அமர்த்த வேண்டும். பொன்னாடையோடு அனுப்பிவிடாமல் அன்றைய கூலியையும் குறைவின்றிக் கொடுக்க வேண்டும். பொருள் விற்றால் கணக்கு அனைவர் முன்னும் விரிய வேண்டும். தந்தையின் தொழிலைச் சொல்ல நாணும் சிறுவன், அத்தந்தை கற்பிக்கும் வகுப்பில் ஒருநாள் அமர்ந்தால், அந்த நாணம் அகலக்கூடும்.

கவிஞர்க்கும் இது அயலார் செய்தி அன்று. கவிதையால் வயிறு நிரம்புவதில்லை என்பதை இவ்வவை அறியும். பகலில் வேறு தொழில் செய்து இரவில் எழுதுவோர், அப்பகலைப் பழிக்க வேண்டுவதில்லை. அதுவும் மெழுகே.