ஆட்டுக்கொல்லியும் கறக்கும் பெண்களும்

மாடுகளைக் கூட்டங்கூட்டமாய்க் கொன்ற வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். மனிதன் முற்றாக ஒழித்த கால்நடை நோய் அது ஒன்றுதான். அதற்கு நெருங்கிய உறவான ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்பதென்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் 2015இல் இலக்கு வைத்தன. பழைய வழியிலேயே போனால் இதிலும் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிழக்கு ஆப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களில் பெண்களை எட்டாத கால்நடை மருத்துவம் இந்த நோயை எட்டப் போவதில்லை.

தெற்கு எத்தியோப்பியாவிலும் வடக்குக் கென்யாவிலும் வாழும் போரானா மக்களின் மந்தை இரண்டாகப் பிரியும். பால் வற்றிய மாடுகளையும் காளைகளையும் இளவட்டங்கள் தொலைதூரப் புல்வெளிக்கு ஓட்டிப் போவார்கள். அது ‘ஃபோரா’ மந்தை. கறவைகளும் கன்றுகளும் வீட்டோடு நிற்கும், அது ‘வர்ரா’. ஆடுகளும் பெரும்பாலும் வீட்டருகேதான். கறப்பதும் குட்டிகளைக் கவனிப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆட்டின் கண்ணில் பீளை தள்ளுவது, சளி காய்ந்து மூக்கை அடைப்பது, வாய் புண்ணாகி நாறுவது எல்லாம் முதலில் படுவது அவர்கள் கண்ணில். தடுப்பூசி முகாம் பற்றிய சேதியோ ஆண்கள் கூடும் இடங்களில்தான் சொல்லப்படுகிறது. மருந்துக்கடை தொலைவில் நகரத்தில். ஆட்டை விற்றுக் காசாக்கும் முடிவும் பெரும்பாலும் கணவனுடையது.

குடும்பத் தலைவரிடம் சொன்னால் வீட்டுக்குத் தெரியாதா என்பார்கள். அவர் வெளியே போய்த் திரும்புவதற்குள் நோய் பட்டியை ஒரு சுற்று சுற்றியிருக்கும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வெக்கை நோயை ஒழித்தபோது பெண்களை யார் தேடினார்கள்? உண்மைதான். 1990களில் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் வெப்பம் தாங்கும் தடுப்பூசியை உள்ளூர் மேய்ப்பர்களிடம் கொடுத்தே பெருவெற்றி கண்டார்கள். ஆனால் அது மாட்டு நோய். ஆடு விரைவாகப் பெருகும். தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு மூன்று, நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். இந்த வருஷம் ஊசி போட்ட பட்டியில் அடுத்த வருஷம் ஊசியே காணாத குட்டிகள் நிறைந்திருக்கும். எந்தக் குட்டி எப்போது பிறந்தது என்ற கணக்கு, அதற்குப் பால் விட்டுக் கறந்தவர்களிடம்தானே இருக்கும்?

பெண்களுக்கு ஊசி போடப் பழக்கினால் அவர்களால் ஊர் ஊராய்ப் போக முடியுமா என்றும் கேட்கிறார்கள். போகவே வேண்டாம், ஆடு அவர்கள் வாசலில்தான் நிற்கிறது. கூலியில்லாமல் இன்னொரு வேலையை அவர்கள் தலையில் கட்டுவதா என்று யாராவது கேட்டால், அதுதான் நியாயமான கேள்வி. ஊசிக்கான கூலி அவர்கள் கைக்கே வரவேண்டும். முகாமையும் காலையில் கறந்து முடித்த பிறகு, தண்ணீருக்குக் கிளம்புவதற்கு முன்னால் வைக்கவேண்டும்.