கர்ப்பக் காலத்தில் மனநல மருந்து: நிறுத்துவதற்கு முன் கேளுங்கள்
(சங்கத்தின் குடும்ப நாளில் ஆற்றிய உரை)





நான் மருத்துவன் அல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு வாப்பாவின் மளிகை வியாபாரத்தைப் பார்த்து வருபவன். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை என் மனைவியின் சம்மதத்தோடு சொல்ல வந்திருக்கிறேன்.

மனச்சோர்வு நோய்க்காக அவர் செர்ட்ரலின் மாத்திரை சாப்பிட்டு நலமாக இருந்தார். முதல் பிள்ளை உண்டானது தெரிந்த அன்றே, "பிள்ளைக்கு ஆகாது, இனி வேண்டாம்" என்று சொன்னவன் நான்தான். மருத்துவரை நான் கேட்கவில்லை. சில நாள்களில் அவருக்குத் தலைசுற்றலும் எரிச்சலும் வந்தன. இரண்டு மாதத்தில் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. ஓர் இரவு, "நான் இருந்து என்ன பயன்?" என்று கேட்டார். உடனே மருத்துவமனைக்கு ஓடினோம்.

மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "மருந்தை மட்டும் பார்த்துப் பயப்படுகிறீர்கள். கவனிக்காமல் விட்ட நோயும் தாயையும் பிள்ளையையும் பாதிக்கும்" என்றார். செர்ட்ரலின் கர்ப்பிணிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வரும் மருந்து என்று விளக்கி, மீண்டும் தொடங்கினார். பிறந்த குழந்தை சில நாள் சிணுங்கலாம், அதைக் கவனித்துக்கொள்வோம் என்றும் முன்கூட்டியே சொன்னார்.

ஆனால் எல்லா மருந்தும் ஒன்றல்ல. வால்புரோயேட் சாப்பிடும் தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியில் பாதிப்பு ஏற்படலாம். லித்தியம் சாப்பிடுவோருக்குக் கர்ப்பத்தில் இரத்தத்திலுள்ள மருந்தின் அளவு மாறும் என்பதால் அடிக்கடி பரிசோதனை தேவை. இவற்றையும் நாமாக நிறுத்தக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகத் தொடங்குவது முதல் நான்கு வாரங்களில். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. ஆகவே பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசுங்கள். நாட்டு மருந்து, தூக்க மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். பேறுகாலத்துக்குப் பிந்திய வாரங்களில் இன்னும் கவனமாக இருங்கள். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் இதற்கென்றே தனிச் சேவை இருக்கிறது.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. துஆவும் செய்வோம், மருந்தும் கொடுப்போம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூடவே போங்கள். இரண்டாவது பிள்ளைக்கு நான் அப்படித்தான் போனேன். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளைகளும் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள்.

நம் குடும்பங்கள் அனைத்துக்கும் அல்லாஹ் நலம் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.