கேட் போட்ட ஊர்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. நான் ஒரு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசப்போறேன். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் குமாஸ்தா நான். பத்திரத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறது என் பிழைப்பு.

இப்போது வருகிற விளம்பரங்களில் வீடு மட்டும் விற்பதில்லை. வீடு, அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாமே ஒரே முதலாளியின் வரைபடத்துக்குள். புதிய நகர வடிவமாம் இது. எனக்குப் பழசாத்தான் தெரியுது. கோயில், குளம், கடைத்தெரு உள்ளே, உழைக்கிறவன் வெளியே. அதுக்கு ஊர்னு ஏற்கனவே பேர் இருக்கு.

மும்பையின் பவாயை எடுத்துக்கொள்வோம். 1986இல் மகாராஷ்டிர அரசும் பெருநகர வளர்ச்சி ஆணையமும் ஹிரானந்தானி தரப்பும் முத்தரப்பு ஒப்பந்தம் போட்டன. சுமார் 230 ஏக்கர். குத்தகை ஏக்கருக்கு 40 பைசா. ஒரு டீக்கு வராத காசு, தோழர்களே! இது சும்மா கொடுத்த சலுகை அல்ல. வீடுகளில் பாதி 40 சதுர மீட்டர், மீதி 80 சதுர மீட்டர் என்பது நிபந்தனை. சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய வீடு. எழும்பியதோ தூண் வைத்த மாளிகைக் கோபுரங்கள். சிறிய வீடுகளை ஒன்றாக இணைத்துப் பெரிய வீடுகள். பொதுநல வழக்கு நடந்து, 2012இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் முதலில் சிறிய வீடுகளைக் கட்டச் சொன்னது.

அதே பவாயில் ஜெய் பீம் நகர் என்றொரு குடிசைப்பகுதி. யாருடைய இடமென்று பேரே சொல்லும். கட்டடத் தொழிலாளர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள். மழைக்காலத்தில் குடிசைகளை இடிக்கக்கூடாது என்று அரசாணை இருக்கும்போதே, 2024 ஜூன் 6 அன்று மாநகராட்சி இடித்தது. 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள். பலர் நடைபாதையில் மழையில் கிடந்தார்கள். பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அங்கே 26 வருஷம் பொறுத்த சட்டம், இங்கே மழை நிற்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தின் முகத்திரையைக் கிழித்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டு நடந்த தெருவை விட்டுத்தான் எங்கப்பா நகரத்துக்கு வந்தார். இங்கே தெரு யாருக்கும் சொந்தமில்லை. அதனால் நமக்கும் சொந்தம். தெருவே தனியார் சொத்தானால்? போன மாசம் கடன் விண்ணப்பம் சரிபார்க்க ஒரு வளாகத்துக்குப் போனேன். காவலாளி நம்ம ஜனம்தான். “யாரப் பாக்கணும்?” என்று கேட்டார். எங்கப்பாவிடம் ஊர்த்தெருவில் கேட்ட அதே கேள்வி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வீடுகளுக்கான கடன் தாளில் என் முத்திரையும்தானே விழுது?

ஆகவே கேட்கிறேன். தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து கையில் இருக்கிறது. அரசு நிலத்தில் எழும் ஒவ்வொரு வளாகத்தின் ஒப்பந்தத்தையும் வாங்கிப் படியுங்கள். கட்டியவர்களுக்கு உள்ளேயே வீடு கேளுங்கள். தெருக்கள் மக்கள் கையில் இருக்கணும். படிக்கத் தெரியலைன்னா என்கிட்ட கொண்டு வாங்க. கடைசி வரி வரைக்கும் சேர்ந்து படிப்போம்.