பச்சை பிளம்ஸும் ஒரு ராணியோட பேரும்

பழம் பச்சையா இருந்தா, "இன்னும் காய்தான்"னு தள்ளி வச்சிடுவோம் இல்லையா? ஆனா ஐரோப்பாவுல ஒரு பிளம்ஸ் இருக்கு. நல்லா பழுத்தாலும் பச்சைதான். லேசா மஞ்சள் ஓடும், அவ்வளவுதான். வாயில போட்டா அப்படி ஒரு இனிப்பு. அதோட பேர்க் கதைதான் இன்னைக்கு.

இங்கிலாந்துல அதுக்குப் பேர் கிரீன்கேஜ். 'கிரீன்' புரியுது. 'கேஜ்' யாரு? சர் வில்லியம் கேஜ், சஃபோக் பகுதியில ஹெங்க்ரேவ் மாளிகைக்குச் சொந்தக்காரர். 1725 வாக்கில் இந்த ரகத்தை பிரான்சிலிருந்து வரவழைத்தவர். அவரை கௌரவிக்க வச்ச பேர் இதுன்னு, அவரை நேர்ல பார்த்த தாவர ஆர்வலர் பீட்டர் காலின்சன் எழுதி வச்சிருக்கார்.

இன்னொரு கதையும் உலவுது. இலை உதிர்ந்து நிக்கிற கன்னைப் பார்த்து எந்த ரகம்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். கூட வர்ற பேர்ச்சீட்டுதான் அடையாளம். அந்தச் சீட்டு வழியில தொலைஞ்சு போக, தோட்டக்காரர் முதலாளி பேரையே வச்சுட்டாராம்.

சரி, பிரான்சுல அதோட பேர் என்ன? 'ரென் க்ளோட்'. அப்படின்னா ராணி க்ளோட்.

யார் இந்த க்ளோட்? 1499-ல் பிறந்தவர். மன்னர் பன்னிரண்டாம் லூயியோட மூத்த மகள். மன்னருக்கு ஆண் வாரிசு இல்லை. ஆனா பிரான்சுல பெண்ணுக்கு அரியணை கிடையாது. 14 வயசுல சொந்தக்காரர் பிரான்சிஸுக்குக் கட்டி வச்சாங்க. 1515-ல் பட்டம் அவருக்குப் போச்சு. க்ளோட் ஏழு பிள்ளைகளைப் பெத்தார். 1524-ல் இறந்தப்போ அவருக்கு வயசு 24.

வரலாற்றுப் புத்தகத்துல பிரான்சிஸ் பெரிய ஆள். டா வின்சியை பிரான்சுக்கு அழைச்சு வந்த ராஜா. க்ளோடுக்கு அதுல கிடைக்கிறது பெரும்பாலும் 'அவரோட மனைவி'ங்கிற இடம்தான்.

ஆனா சந்தைக்குப் போங்க. பிரான்சுல 'ரென் க்ளோட்'. ஸ்பெயின்ல 'க்ளாவ்தியா'. ஜெர்மனியில 'ரெனெக்லோடெ'. ஹங்கேரிக்காரங்க வாயில அதே பேர் தேய்ஞ்சு 'ரிங்லோ' ஆயிடுச்சு. அரியணை தராத பேரை, கூடையில வச்சு நூற்றாண்டுகளா கூவி விக்கிறாங்க. கடல் தாண்டி இங்கிலாந்து போனப்போ மட்டும், ராணி பேர் போய், கொண்டு வந்தவர் பேர் ஒட்டிக்கிச்சு.

உங்க ஊர்ல ஒரு மனுஷரோட பேர்ல இருக்கிற பழம் எது? அந்த ஆள் அதை வளர்த்தவரா, இல்ல கொண்டு வந்தவரா? விசாரிச்சு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!