ஒரு கோடி ஜனங்களுக்கு மனநல வைத்தியம்: லாஸ் ஏஞ்சல்ஸ் ஜில்லாவில் நடப்பது என்ன?

(தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)

"அமெரிக்கா பணக்கார நாடு என்கிறார்கள். அங்கே மனம் பேதலித்தவன் ஏன் நடைபாதையில் கிடக்கிறான்?" என்று போன வகுப்பில் ஒரு தோழர் கேட்டார். "முதலாளித்துவம், அதனால்தான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்காரலாம். கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆனால் அது பதில் ஆகாது. ஒரே ஒரு ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். பணம் எங்கிருந்து வருகிறது, படுக்கை எத்தனை, ஆள் எத்தனை, பொறுப்பில் உட்கார்ந்திருப்பவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று பார்ப்போம்.

கலிபோர்னியா மாகாணத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஒரு கவுண்டி. கவுண்டி என்றால் நம்முடைய ஜில்லா மாதிரி. 2020 ஜனத்தொகைக் கணக்கில் அங்கே ஒரு கோடிப் பேர். அந்த நாட்டிலேயே பெரிய கவுண்டி அதுதான். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து மெம்பர்கள் கொண்ட போர்டு அதை ஆளுகிறது. ஆஸ்பத்திரிக்கும் ஜெயிலுக்கும் மனநல இலாகாவுக்கும் பணம் ஒதுக்குவது இந்த ஐந்து பேர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழைகளுக்கு வரும் கடுமையான மனநோய்களைக் கவனிக்கும் பொறுப்பை மாகாணச் சட்டம் கவுண்டியின் தலையில் வைத்திருக்கிறது. வருஷத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர் வருகிறார்கள் என்று இலாகா சொல்கிறது. இலாகாவுக்கு ஒரு டைரக்டர். அவருக்குக் கீழே, டாக்டர்கள் அத்தனை பேருக்கும் மேலாக ஒரு தலைமை வைத்திய அதிகாரி. அவர் ஒரு மனநோய் டாக்டர்.

அவருக்கு என்ன வேலை? எந்த மருந்தை எப்படிக் கொடுப்பது என்ற விதிகளை வகுக்க வேண்டும். ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் கிளினிக்குகளில் டாக்டர் இல்லாத இடத்துக்கு டாக்டர் தேட வேண்டும். இருக்கிற படுக்கை ஒன்று, காத்திருப்போர் பலர் என்றால் யாருக்கு முதலில் என்று பார்க்க வேண்டும். போலீஸ் கொண்டுவந்து விட்டவனை ஏன் வெளியே விட்டீர்கள் என்று ஒருவர் கேட்பார். ஏன் பிடித்து வைத்தீர்கள் என்று இன்னொருவர் கேட்பார். செவ்வாய்க்கிழமை போர்டு கூடும்போது இதற்கெல்லாம் இலாகா பதில் சொல்ல வேண்டும். நம் ஆலைகளில் நூல் அறுந்தால் மேஸ்திரியைத் திட்டுவார்கள். பஞ்சு மட்டமா, மெஷின் பழசா என்று கேட்கமாட்டார்கள். அந்த நாற்காலியும் ஏறக்குறைய அப்படித்தான்.

இந்த நிலைமை எப்படி வந்தது? 1955-ல் அமெரிக்காவின் மாகாண மனநோய் ஆஸ்பத்திரிகளில் சுமார் 5,59,000 பேர் அடைபட்டிருந்தார்கள். அவை பெயருக்குத்தான் ஆஸ்பத்திரி. பலருக்கு அது ஆயுள் தண்டனை. அதை எதிர்த்து நியாயமான குரல் எழுந்தது. 1957-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் செய்து, உள்ளூரிலேயே கிளினிக் நடத்தக் கவுண்டிகளுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. 1963-ல் ஜனாதிபதி கென்னடி, நாடெங்கும் சமூக மனநல நிலையங்கள் கட்டச் சட்டம் கொண்டுவந்தார். ஆயிரத்து ஐந்நூறு நிலையங்கள் என்பது திட்டம். அதில் ஏறக்குறையப் பாதிதான் எழும்பியது. 1967-ல் கலிபோர்னியாவில் இன்னொரு சட்டம் வந்து, 1969-ல் அமலாயிற்று. விசாரணை இல்லாமல் ஒருவரை வருஷக்கணக்கில் பூட்டிவைக்கக் கூடாது. முதலில் 72 மணி நேரம், தேவைப்பட்டால் 14 நாள், அதற்கு மேல் என்றால் நீதிபதி முன்னால் வரவேண்டும். நல்ல சட்டம்தான். அதில் கையெழுத்துப் போட்ட கவர்னர் யார்? ரொனால்ட் ரீகன். அதே காலத்தில் மாகாண ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளைக் குறைத்தவரும் அவரே. 1980-ல் ஜனாதிபதி கார்ட்டர் சமூக நிலையங்களுக்குப் பணம் கொடுக்க ஒரு சட்டம் செய்தார். மறுவருஷமே, ஜனாதிபதியாக வந்த ரீகன் அதையும் கவிழ்த்தார்.

"அடைபட்டவனை விடுவி" என்ற கோஷமும் "செலவைக் குறை" என்ற கணக்கும் ஒரே வாசலில் சந்தித்தன, தோழர்களே! கதவு திறந்தது. வெளியே வந்தவனுக்கு வீடும் மருந்தும் தருவதாகச் சொன்னார்களே, அது மட்டும் வரவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்துக் கவுண்டியில் கமரில்லோ என்று ஒரு பெரிய மாகாண ஆஸ்பத்திரி. 1936-ல் திறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் போன இடம். 1997-ல் அதை மூடினார்கள். இன்று அந்தக் கட்டடங்களில் சர்வகலாசாலை நடக்கிறது. பிள்ளைகள் படிக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே 1997-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மத்தியில் வேறொரு கட்டடம் திறந்தது. இரட்டைக் கோபுர ஜெயில்! நாட்டின் மிகப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இதுதான் என்று பத்திரிகைகளே எழுதும் அளவுக்கு அது நிரம்பியது.

இது நம் வர்ணனை அல்ல. அந்தக் கவுண்டியின் ஜெயில்களில் மனநலச் சிகிச்சை தேவைப்படும் கைதிகள் ஐயாயிரத்துக்கும் மேல். ராண்ட் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் 2020-ல் கணக்குப் பார்த்தது. ராண்ட் நம் கட்சி ஸ்தாபனம் இல்லை, ராணுவத்துக்கு ஆராய்ச்சி செய்து வளர்ந்த ஸ்தாபனம். அதுவே சொல்கிறது: இவர்களில் 100-க்கு 61 பேரை ஜெயிலுக்கு வெளியே சமூகச் சிகிச்சைக்கு அனுப்பத் தக்கவர்களாகக் கருதலாம் என்று. அதற்கு முன்பே, 2015-ல், ஜெயிலில் நடந்த தற்கொலைகளையும் சிகிச்சையின் லட்சணத்தையும் பார்த்த மத்திய நீதி இலாகா கவுண்டியோடு ஓர் ஒப்பந்தம் போட்டுத் திருத்தச் சொன்னது.

போர்டு என்ன செய்தது? மனநோயாளிக் கைதிகளுக்கென்றே புதிதாக ஒரு ஜெயில் கட்டுவோம் என்றது. 170 கோடி டாலர் கண்டிராக்ட்! கைதிகளின் தாய்மாரும், ஜெயிலில் இருந்து வந்தவர்களும், டாக்டர்களும், சங்கங்களும் போர்டு கூட்டத்துக்கு வாரம் தவறாமல் வந்து நின்றார்கள். 2019 ஆகஸ்டில் அதே போர்டு, ஒருவர் எதிர்க்க நால்வர் ஆதரித்து, கண்டிராக்டை ரத்து செய்தது. அந்த ஐந்து பேரின் மனம் தானாக மாறிவிடவில்லை.

இனி நிமிடக் கணக்குக்கு வருவோம். ஆலைத் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

கவுண்டி மனநல வைத்தியத்தில் பெரும்பங்குக்கு, ஏழைகளுக்கான மருத்துவ இன்ஷூரன்ஸ் மூலமாகப் பணம் வருகிறது. 2023 ஜூலை வரை என்ன முறை? டாக்டரும் சமூக ஊழியரும் ஒவ்வொரு நோயாளிக்கும் எத்தனை நிமிடம் செலவிட்டோம், என்ன வியாதிக்கு என்ன செய்தோம் என்று எழுதிப் பில் போட வேண்டும். பில் நின்றால்தான் பணம். இப்போது ஒரு பாலத்தடியில் ஒருவன் படுத்திருக்கிறான். ஊழியர் போகிறார். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மறுநாள் ஒரு ஜோடி சாக்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கிறார், வாங்கிக்கொள்கிறான். மூன்றாம் வாரம் தன் பெயரைச் சொல்கிறான். இந்த மூன்று வாரம்தான் வைத்தியத்தின் அஸ்திவாரம். இதை எந்த வியாதியின் கீழ் எழுதுவது? பெயரே தெரியாதவன் பெயரில் எப்படிப் பில் போடுவது? பில் போடமுடியாத வேலை, வேலையே இல்லை என்றாகிவிடுகிறது.

2023 ஜூலையில் முறை மாறியது. செலவுக் கணக்குக்குப் பதிலாக, வேலைக்கு இவ்வளவு என்று ரேட்டு நிர்ணயித்தார்கள். எழுத்துவேலை கொஞ்சம் குறைந்தது, வாஸ்தவம்தான். ஆனால் நோயாளியோடு நேரில் இருந்த நேரத்துக்குத்தான் ரேட்டு. போகிற வழி, எழுதுகிற நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்கிறார்கள். பீஸ் ரேட்டு பார்த்த தோழர்களுக்கு நாம் விளக்கவா வேண்டும்?

வேறு வழியே கிடையாதா? இத்தாலியில் திரியெஸ்தே என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கேயும் அந்தக் காலத்தில் மனநோய் ஆஸ்பத்திரி ஜில்லா நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தது. 1971-ல் பிராங்கோ பசாலியா என்ற டாக்டர் அதன் டைரக்டராக வந்தார். உள்ளே சுமார் 1,200 பேர். பூட்டுகளைத் திறந்தார். நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குள்ளே கூட்டிப் பெருக்கித் துவைத்துக்கொண்டிருந்தார்கள், "சிகிச்சை" என்ற பெயரில் கூலி இல்லாமல்! அவர்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்து, கூலி கொடுக்க ஏற்பாடாயிற்று. 1973-ல் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து மரத்தாலும் காகிதக்கூழாலும் ஒரு நீலக் குதிரை செய்தார்கள். ஆஸ்பத்திரியின் துணிவண்டியை இழுத்த மார்க்கோ என்ற கிழட்டுக் குதிரையின் பெயரை அதற்கு வைத்தார்கள். குதிரை வாசலுக்குள் அடங்கவில்லை. வாசலை உடைத்து ஊர்வலமாக நகருக்குள் கொண்டுபோனார்கள். 1978 மே மாதம் இத்தாலிப் பார்லிமெண்டு, மனநோய் ஆஸ்பத்திரிகளைப் படிப்படியாக மூடும் சட்டத்தை நிறைவேற்றியது.

குதிரைக் கதை இனிப்பானது. ஆனால் திரியெஸ்தேயின் பலம் குதிரையில் இல்லை. மூடிய ஆஸ்பத்திரியின் பணமும் சிப்பந்திகளும் நகரப் பேட்டைகளுக்குப் போனார்கள். பேட்டைக்கொரு நிலையம், இரவும் பகலும் திறப்பு, சில படுக்கைகள், பூட்டு இல்லை. கலிபோர்னியாவில் ஆஸ்பத்திரி மட்டும் போயிற்று, இங்கே ஆஸ்பத்திரி இடம் மாறியது.

லாஸ் ஏஞ்சல்ஸ் இலாகாவின் டைரக்டரே திரியெஸ்தேக்குப் போய்ப் பார்த்து, ஹாலிவுட் பகுதியில் அதைச் செய்து பார்ப்போம் என்றார். நிமிடக் கணக்கை விட்டு, நோயாளி எப்படி வாழ்கிறான் என்பதைக் கணக்கில் எடுப்போம் என்பதே அதன் உயிர். 2019-ல் மாகாணக் கமிஷன் 11 கோடியே 60 லட்சம் டாலர் அனுமதித்தது. பிறகு கொரோனா வந்தது. அந்த உருவில் திட்டம் நடக்கவில்லை. ஒரு இலாகாத் தலைவர் நல்லவராக, விஷயம் தெரிந்தவராக இருந்தும் இதுதான் கதி. பில் போடும் முறையும் வீட்டு வாடகையும் அவர் கையில் இல்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2004-ல் கலிபோர்னியா ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு ஒரு வரி போட்டார்கள். வருஷ வருமானம் 10 லட்சம் டாலருக்கு மேலே போனால், மேலே போகிற தொகையில் நூற்றுக்கு ஒன்று மனநல வைத்தியத்துக்கு! கோடீஸ்வரர்கள் மாகாணத்தைவிட்டு ஓடிவிடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். கோடீஸ்வரர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஆனால் இதிலும் ஒரு குறை. பங்குச் சந்தை ஏறினால் வரி கொட்டுகிறது, இறங்கினால் வற்றுகிறது. நோய் சந்தையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. 2024 மார்ச்சில் இன்னொரு ஓட்டு. 638 கோடி டாலர் கடன் வாங்கி இடமும் வீடும் கட்டுவது, அந்த வரிப் பணத்தில் 100-க்கு 30 வீட்டுவசதிக்கு ஒதுக்குவது. மயிரிழையில் நிறைவேறியது. வீட்டுக்கு ஒதுக்கியது சரி. அதற்காகக் கிளினிக்குப் பணத்தில் கைவைப்பது சரியல்ல என்பது நம் அபிப்பிராயம்.

இப்போது அங்கே நடக்கும் பெரிய வாதம், கட்டாய வைத்தியம் பற்றியது. 2022-ல் ஒரு சட்டம் தனிக் கோர்ட்டு ஏற்படுத்தியது. 2023-ல் வந்த இன்னொன்று, யாரை அவர் சம்மதமின்றிச் சிகிச்சைக்கு வைக்கலாம் என்பதை விரிவாக்கியது. இரண்டாவது, லாஸ் ஏஞ்சல்ஸில் 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சில நண்பர்கள் இதைப் பழைய சிறைக்கூடம் திரும்புகிறது என்று எளிதாக ஒதுக்குகிறார்கள். நாம் அப்படிச் சொல்லத் தயாரில்லை. பிள்ளை ரோட்டில் அழுகிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு, "அவன் சம்மதிக்கவில்லை, நாங்கள் ஒன்றும் செய்யமுடியாது" என்ற பதிலைப் பத்து வருஷம் கேட்ட தாய் கேட்கிற சட்டம் அது. அவள் நம் விரோதி அல்ல. ஆனால் அந்தத் தாய்க்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும்: சுமார் 3,000 படுக்கைகள் பற்றாது என்று கவுண்டி இலாகாவே 2019-ல் கணக்குக் காட்டியது. 2025 கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டியில் வீடில்லாதவர்கள் 72,308 பேர். அத்தனை பேரும் மனநோயாளிகள் அல்ல. பெரும்பாலோர் வாடகை கொடுக்க முடியாதவர்கள். பிடித்துக்கொண்டு போகச் சட்டம் இருக்கிறது. கொண்டுபோய் எங்கே வைப்பது? குணமானபின் எந்த வீட்டுக்கு அனுப்புவது?

வேலை செய்ய ஆளும் வேண்டுமே! இலாகாவில் நூற்றுக்கணக்கான இடங்கள் காலி. மனநோய் டாக்டருக்குத் தனியார் கம்பெனி அதிகச் சம்பளம் தருகிறது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் நோயாளி பார்க்கலாம் என்கிறது. பாலத்தடிக்கு வர யார் மிச்சம்? வருகிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குக் கூடாரம் போகும் டாக்டர்கள் அந்த இலாகாவில் உண்டு. அவர்களோடு நர்சு, சமூக ஊழியர், ஒரு காலத்தில் தானே நோயாளியாக இருந்து இன்று சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்று ஒரு கூட்டாகப் போகிறார்கள்.

2025 ஏப்ரல் 28-ந் தேதி இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிச் சிப்பந்திகள் 55,000 பேரைக் கொண்ட சங்கம் 48 மணி நேர வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மனநல இலாகா ஊழியர்களும் அதில் உண்டு. கவுண்டி நிர்வாகம் தொழிற்சங்கச் சட்டத்தை மீறுகிறது, காலி இடங்களை நிரப்பாமல் கண்டிராக்டுக்கு விடுகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பணம் இல்லை என்றது நிர்வாகம். ஜெயிலுக்கு 170 கோடி டாலர் கண்டிராக்டு எழுதத் துணிந்த அதே நிர்வாகம்தான்.

தோழர்கள் கேள்விகளைக் கேட்கலாம். கட்டாய வைத்தியம் பற்றி மாறுபட்ட கருத்து உள்ளவர்கள் முதலில் பேசட்டும்.