ஊசி போடாத பிள்ளைக்கும் கிடைத்த காப்பு



தடுப்பூசிக்குச் செலவிடும் பணத்தால் விளையும் நன்மை என்னவென்று அரசாங்கங்கள் கேட்கின்றன. பொதுப்பணம் ஆதலால் கேட்பது நியாயமே. ஆனால் அந்நன்மையை எவ்வாறு கணக்கிடுவது என்பதிலேதான் வழக்கு இருக்கின்றது. பிரித்தானியாவின் அனுபவத்தை நாம் சாட்சிக்கு அழைக்கின்றோம்.

மெனிங்கோகொக்கஸ் என்னும் பற்றீரியா மூளையைச் சூழ்ந்த சவ்வைத் தாக்கிச் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்க வல்லது. ஆயினும், அதைத் தொண்டையில் தாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் நோயுறுவதில்லை. வாலிபப் பருவத்தினரே அதை அதிகம் தாங்குவர். அவர்கள் குற்றவாளிகள் அல்லர்; தாம் சுமப்பதைத் தாமே அறியாதவர்கள்.

1999 நவம்பரில் இக்கிருமியின் 'சி' வகைக்கு எதிரான புதிய ஊசியை உலகில் முதன்முதலாக அந்நாடு பொதுத்திட்டத்தில் சேர்த்தது. கைக்குழந்தைகளுக்கு மாத்திரமன்றி, 18 வயதுக்குட்பட்ட யாவருக்கும் வழங்கியது. ஓராண்டுக்குள் 15 முதல் 17 வயதினரிடையே 'சி' வகையைத் தாங்குவோர் நூற்றுக்கு 66 வீதம் குறைந்தனர். சில ஆண்டுகளுக்குள், ஊசி பெறாத பிள்ளைகளிடையேயும் நோய் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

பின்னர் ஒரு குறை வெளிப்பட்டது. கைக்குழந்தைப் பருவத்தில் ஊசி பெற்றோரின் காப்பு ஓராண்டு கழிந்ததும் பெரிதும் தேய்ந்தது. ஆயினும் நோய் மீண்டெழவில்லை. ஏன்? கிருமி எவரிடமிருந்து எவருக்குச் செல்கின்றது, தொண்டையில் எவ்வளவு காலம் தங்குகின்றது, காப்பு எப்பொழுது தேய்கின்றது என்பவற்றைச் சமன்பாடுகளாக்கி ஆண்டு ஆண்டாகக் கணித்துப் பார்த்த மாதிரி ஒன்று 2005இல் வெளியாயிற்று. பரவலை மறித்ததன் பயன் எவ்வளவு பெரிதென்பதை அது காட்டிற்று. ஊசி பெற்ற தலைகளை மாத்திரம் எண்ணும் கணக்கு அதைக் காட்டியிராது. 2013இல் வாலிபருக்கு ஊசி மீண்டும் சேர்க்கப்பட்டது. அவர்களால் விளைந்த காப்பை நம்பி 2016இல் குழந்தையின் மூன்றாம் மாத ஊசியை நிறுத்தவும் இயன்றது.

வரவை எழுதினால் செலவையும் எழுதவேண்டும். ஒரு களையை அழித்த இடத்தில் வேறொரு களை முளைப்பதைக் கமக்காரர் அறிவர். அமெரிக்காவில் 2000இல் ஏழு வகை நியூமோகொக்கஸ் கிருமிகளுக்கு எதிரான ஊசி குழந்தைகளுக்கு வந்தது. அவ்வகைகளால் வரும் நோய் முதியோரிடையேயும் குறைந்தது. ஆனால் ஊசியில் இல்லாத 19ஏ வகை தலைதூக்கிற்று. 2010இல் அதையும் சேர்த்துப் பதின்மூன்று வகை ஊசி கொண்டுவரப்பட்டது.

ஆகவே, 'கட்டுப்படியாகாது' என்போரிடமும் 'போதும்' என்போரிடமும் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். ஊசி பெறாதார் அடைந்த நன்மையைச் சேர்த்தீர்களா? காப்பின் தேய்வைச் சேர்த்தீர்களா? புதுவகைக் கிருமியின் எழுச்சியைச் சேர்த்தீர்களா? இம்மூன்றுக்கும் விடையில்லாத கணக்கின்மீது பிள்ளைகளின் உயிருக்குத் தீர்ப்பெழுத நாம் சம்மதியோம்.